ஆடு நனைகிறதே என்று நிஜமாகவே அழுத ஓநாய்!

'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்!' - யாராவது நம்மிடம் திடீரென்று தேவைக்கு மேல் பாசம் காட்டினால், சட்டென்று நாக்கு நுனிக்கு வந்துவிடும் பழமொழி. தேர்தல் சமயத்தில் மேடைக்கு மேடை இதற்கு ஏக கிராக்கி! ஓநாயாவது, ஆட்டுக்காக அழுவதாவது? அழுதால், உள்ளே வேறு ஏதோ கணக்கு ஓடுகிறது என்றுதானே அர்த்தம்?

இந்த வாரம் அந்த ஓநாயின் தரப்பில் நின்று கொஞ்சம் வாதாடலாம் என்றிருக்கிறேன். சாட்சி வேண்டுமே என்கிறீர்களா? இருக்கிறது. முதல் சாட்சியே சாதாரண ஆள் இல்லை. சார்லஸ் டார்வின்!

1833-ம் வருடம், நவம்பர் மாதம். தென் அமெரிக்காவில், இன்று உருகுவே என்று அழைக்கப்படுகிற பகுதி. 'பீகிள்' கப்பலில் உலகம் சுற்றக் கிளம்பிய டார்வினுக்கு அப்போது வயது 24. அந்தப் பிரசித்தி பெற்ற வெள்ளைத் தாடி வருவதற்கு ரொம்ப முன்னால்! குதிரையேறி உள்நாட்டுக்குள் போனவர், வழியில் ஒரு பண்ணையில் விருந்தாளியாகத் தங்கினார்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. நடுவே பெரிய செம்மறி ஆட்டு மந்தை. மேய்ப்பன் எங்கே என்று பார்த்தால்... ஆளையே காணோம்! வீடு? அதுவும் மைல் கணக்கில் தள்ளி. மந்தைக்குக் காவல், ஒன்றோ இரண்டோ நாய்கள். அவ்வளவுதான்.

நீங்களும் நானுமாக இருந்தால், 'பலே, கெட்டிக்கார நாய்!' என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டியிருப்போம். டார்வின் விடுகிற ஆசாமியா? எப்படிப் பழக்குகிறார்கள் என்று துருவித் துருவி விசாரித்தார். கிடைத்த விவரங்களைத் தன் பயண நூலில் எழுதியும் வைத்தார்.

விஷயம் இதுதான். கண் திறந்து கொஞ்ச நாளே ஆன நாய்க்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்து நிறுத்தி, தினம் மூன்று நான்கு தடவை அதனிடம் பால் குடிக்க விடுகிறார்கள். படுக்கை? ஆட்டுப் பட்டிக்குள்ளேயே, ஆட்டு ரோமத்தால் ஆன மெத்தை. வேறு நாய்களோடு சேரக் கூடாது. பண்ணை வீட்டுக் குழந்தைகளோடு விளையாடக் கூடாது. போதாததற்கு, பெரும்பாலும் காயடித்தும் விடுவார்கள். ஆக, அந்தக் குட்டி வளர்ந்து பெரிதாகும்போது, தன் இனத்தோடு அதற்கு எந்தப் பந்தமும் இருக்காது. அதற்குத் தெரிந்த ஒரே குடும்பம், பட்டியில் உள்ள ஆடுகள்தான்!

இப்படி வளர்ந்த நாய், எஜமானுக்காகச் சண்டை போடுகிற மாதிரி ஆடுகளுக்காகச் சண்டை போடும். அந்நியர் யாராவது மந்தையை நெருங்கினால், குரைத்துக்கொண்டே முன்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஆடுகள் என்ன செய்யும் தெரியுமா? மந்தையின் மூத்த கிடாவுக்குப் பின்னால் ஒதுங்குகிற மாதிரி, மொத்தமாக நாயின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளும். நாய் ஆட்டைச் சொந்தம் என்று நினைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும்... ஆடு நாயை நம்புகிறதே, அதைச் சொல்லுங்கள்!

டார்வின் சொல்லும் இன்னொரு காட்சி ரொம்பவே சுவாரஸ்யம். இந்தக் காவல் நாய் தினமும் ஒருமுறை பண்ணை வீட்டுக்கு வரும், தன் பங்கு இறைச்சியை வாங்கிக்கொள்ள. கொடுத்த உடனே, ஏதோ திருடிய மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு நழுவும். ஏனென்றால், வீட்டு நாய்கள் லேசுப்பட்டவை இல்லை. அதில் இருக்கிற ஒரு சுண்டைக்காய் நாய்கூட இதைத் துரத்தும். இதுவும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். எதுவரை? மந்தை வரைதான்! ஆடுகளின் பக்கத்தில் போய்ச் சேர்ந்த நிமிடம் திரும்பி நின்று ஒரு குரைப்பு... அவ்வளவுதான், துரத்தி வந்த அத்தனை நாயும் பின்னங்கால் பிடரியில் பட ஓட்டம்! பசியோடு திரியும் காட்டு நாய்க் கூட்டம்கூட, ஒற்றை நாய் காவல் நிற்கிற மந்தையைத் தொடுவது அபூர்வமாம்.

வீட்டு வாசலில் கோழை. மந்தைக்கு முன்னால் சூரன். அதே நாய்தான்! வீரம் அதன் உடம்பில் இல்லை. யாருக்காக நிற்கிறோம் என்பதில் இருந்தது.

*

சரி, இதில் ஓநாய் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். 'ஓநாய்' என்ற சொல்லுக்குள்ளேயே நாய் ஒளிந்துகொண்டிருக்கிறது, பாருங்கள்! நிஜத்திலும் அப்படியே. உலகத்தில் உள்ள எல்லா நாய்களுக்கும் மூதாதை பழங்கால ஓநாய்தான். பொமரேனியனோ, அல்சேஷனோ, நம்ம தெருமுனை ராஜாவோ, யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

நாய் மனிதனோடு வந்து சேர்ந்தது குறைந்தது 14,000 வருடங்களுக்கு முன்பு. செம்மறி ஆடும் வெள்ளாடும் மனிதன் கைக்கு வந்தது சுமார் 10,000 வருடங்களுக்கு முன்புதான். நாய்க்கு சீனியாரிட்டி அதிகம்! அதாவது, ஓநாயின் பேரனை முதலில் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டு, அப்புறம் அதன் தாத்தாக்கள் வேட்டையாடித் தின்ற ஆட்டைக் கொண்டுவந்து கட்டி, 'இதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்' என்றிருக்கிறான் மனிதன். என்ன ஒரு துணிச்சல்!

இந்த ஏற்பாடு டார்வின் காலத்துக்கு ரொம்பவே முந்தையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா, மேய்ப்பர்களுக்கு ஓர் ஆலோசனை சொல்கிறார்: மந்தைக் காவலுக்கு வெள்ளை நாய் வாங்குங்கள். விடியற்காலை இருட்டில் ஓநாய் என்று நினைத்து உங்கள் நாயை நீங்களே அடித்துவிடக் கூடாது! வீட்டுக் காவலுக்கோ கறுப்பு நாய்தான் நல்லது என்கிறார். திருடன் பார்த்ததும் மிரள வேண்டும் அல்லவா!

அவருக்கும் முன்னால், கி.மு. 37-ல் தன் 80-வது வயதில் விவசாயம் பற்றி எழுதிய வர்ரோ என்ற அறிஞர் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு பணக்காரர், இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில் ஆட்டு மந்தைகளை விலைக்கு வாங்கினார். ஒப்பந்தப்படி நாய்களும் சேர்த்தி. மேய்ப்பர்கள் மட்டும் சேர்த்தி இல்லை. அவர்கள் தெற்கே வெகு தொலைவில் உள்ள இடத்துக்கு மந்தையை ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பிவிட வேண்டும். அப்படியே செய்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால்... விற்ற நாய்கள் எல்லாம் வீட்டு வாசலில் நிற்கின்றன! பல நாள் நடை தூரத்தை, வழியில் கிடைத்ததைத் தின்றபடி, பழகிய மனிதர்களைத் தேடித் தாமாகவே கடந்து வந்திருக்கின்றன. 'நாய் நம் பின்னாலேயே வரவேண்டுமானால் வேகவைத்த தவளையைப் போடு' என்று அந்தக் காலத்து நூல் ஒன்றில் டிப்ஸ் இருந்ததாம். இந்த மேய்ப்பர்களில் யாரும் தவளை போடவில்லை என்று குறும்பாகச் சேர்க்கிறார் வர்ரோ!

பணக்காரர் வாங்கியது நாயை. அதன் பந்தம் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. அது யாரோடு சேர்ந்து வளர்ந்ததோ, அவர்கள் பேரில் வரவு வைக்கப்பட்டிருந்தது.

*

'சேர்ந்து வளர்ந்தால் போதுமா? ரத்தத்தில் ஊறிய குணம் மாறுமா?' - இந்தக் கேள்வியை எலியையும் பூனையையும் வைத்தே சோதித்துப் பார்த்தார் ஒரு சீன விஞ்ஞானி. ஸிங்-யாங் க்வோ என்று பெயர். 1930-ல் அவர் வெளியிட்ட கணக்கு இது.

பூனைக்குட்டிகளை மூன்று கோஷ்டியாகப் பிரித்தார். முதல் கோஷ்டியில் 21 குட்டிகள். தாய்ப்பூனை எலியைக் கொல்வதைப் பார்த்தே வளர்ந்தவை. அதில் 18 குட்டிகள் எலி பிடித்தன. அடுத்து 20 குட்டிகள். தனிமையில், பூனையையும் பார்க்காமல் எலியையும் பார்க்காமல் வளர்ந்தவை. அதில் எலி பிடித்தவை 9. மூன்றாவது கோஷ்டியில் 18 குட்டிகள். எலியோடு ஒரே கூண்டில், கூடப் பிறந்த மாதிரி வளர்ந்தவை. இதில் எலி பிடித்தவை மூன்றே மூன்று. அந்த மூன்றும்கூட, தன்னோடு வளர்ந்த எலியின் ஜாதியைத் தொடவே இல்லை!

நாய்களுக்கு இந்தக் கதவு எப்போது திறந்து எப்போது மூடுகிறது என்பதை, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல வருடம் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். 1965-ல் வந்த அவர்களுடைய புத்தகம் சொல்லும் கணக்கு: ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் திறக்கிறது, பன்னிரண்டாவது வாரத்தில் கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் யாரோடு உருண்டு புரள்கிறதோ, அதுதான் நாய்க்குச் சொந்தம். மனிதனோடு என்றால் மனிதன். ஆட்டோடு என்றால் ஆடு. உருகுவே பண்ணைக்காரர்கள் விஞ்ஞானம் படிக்காமலேயே அந்த வாரங்களைச் சரியாகப் பிடித்திருந்தார்கள்!

உடனே யாரும் காட்டிலிருந்து ஓநாய்க் குட்டியைத் தூக்கிவந்து ஆட்டுப் பட்டியில் விட்டுவிடாதீர்கள். கதை கந்தலாகிவிடும்! வளர்ப்பு பாதிதான். மீதிப் பாதி, தலைமுறை தலைமுறையாக மேய்ப்பர்கள் செய்த வடிகட்டல். ஆட்டைத் துரத்திய குட்டி தங்காது. பேசாமல் பக்கத்தில் படுத்த குட்டிதான் வம்சம் வளர்க்கும். இப்படியே வடிகட்டி வடிகட்டி, ஓநாயின் வேட்டைக் குணம் அடங்கிப்போன ஒரு நாய் உருவானது. இத்தாலியின் மரெம்மா, துருக்கியின் அனடோலியன் எல்லாம் அப்படி வந்தவைதான்.

*

இவ்வளவு பழைய வித்தையை அமெரிக்கா மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. எதற்கு நாய்? துப்பாக்கி இருக்கிறது, பொறி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேல் விஷம் இருக்கிறது! ஓநாயா, நரியா, கொயோட்டியா... இறைச்சியில் விஷத்தைத் தடவி வீசு, தீர்ந்தது பிரச்னை. தின்ற கழுகும் சேர்ந்து செத்தால்? அது யாருடைய கணக்கிலும் எழுதப்படாத நஷ்டம்!

1972 பிப்ரவரியில் அதிபர் நிக்ஸன் ஓர் உத்தரவு போட்டார். அரசு நிலங்களில் வேட்டை விலங்குகளுக்கு விஷம் வைப்பது கட். ஆட்டுப் பண்ணைக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி, இத்தாலி, துருக்கி, யூகோஸ்லாவியா என்று அலைந்து நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்து, பண்ணை பண்ணையாகக் கொடுத்துப் பரீட்சை பார்த்தார்கள்.

அவர்கள் கவனித்ததில் முக்கியமானது, நல்ல காவல் நாய் பெரிய சண்டைக்காரனாக இருக்க வேண்டியதில்லை. ஆட்டை விட்டுப் பிரியக் கூடாது, ஆட்டுக்குத் தொல்லை தரக் கூடாது, புதிதாக எது வந்தாலும் குறுக்கே போய் நிற்க வேண்டும். இந்த மூன்றும் போதும். பதுங்கி வருகிற எதிரியின் எதிரே வந்து ஒரு நாய் லொள் லொள்ளென்று குரைத்தால், வேட்டையின் தாளமே தப்பிப்போகிறது. எதிரி வேறு இரை தேடிப் போய்விடுகிறது. ஆடும் சாவதில்லை, வேட்டை விலங்கும் சாவதில்லை!

இந்தக் கடைசி வரியின் அருமை ஆப்பிரிக்காவில்தான் புரிந்தது. நமீபியாவில் 1980-களில் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் சிவிங்கிப்புலிகளைக் கொன்றார்கள். காரணம் சிம்பிள், ஆட்டைத் தூக்குகிறது. லாரி மார்க்கர் என்ற பெண்மணி தொடங்கிய சிவிங்கிப்புலி பாதுகாப்பு அமைப்பு, 1994 முதல் விவசாயிகளுக்கு அனடோலியன் குட்டிகளை வழங்க ஆரம்பித்தது. நாய் வந்த பண்ணைகளில் ஆட்டுச் சாவு வெகுவாகக் குறைந்தது. துப்பாக்கியை எடுக்கக் காரணமும் குறைந்தது. ஆட்டைக் காக்கப் போன நாய், ஆட்டைத் தின்ன வந்த சிவிங்கிப்புலியையும் சேர்த்துக் காப்பாற்றியது! 2022 செப்டம்பர் 17 அன்று மத்தியப் பிரதேசம் குனோவில் வந்திறங்கிய எட்டு சிவிங்கிப்புலிகள் நினைவிருக்கிறதா? அவை அந்த நமீபியாவிலிருந்து வந்தவைதான்.

*

கடைசி சாட்சி ஆஸ்திரேலியாவிலிருந்து.

விக்டோரியா மாநிலத்தின் கடலோர ஊர் வாரணம்பூல். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் 'மிடில் ஐலண்ட்' என்று ஒரு குட்டித் தீவு. அங்கே உலகிலேயே மிகச் சிறிய பென்குயின்கள் கூடு கட்டுகின்றன. ஓர் அடி உயரம், ஒரு கிலோ எடை. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் கூட்டமாகத் தத்தித் தத்திக் கரையேறும்.

ஒரு காலத்தில் அங்கே நூற்றுக்கணக்கான பென்குயின்கள் இருந்தன. 2005-ல் எண்ணிப் பார்த்தபோது பத்துகூட தேறவில்லை! வில்லன், செந்நரி. 1800-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் வேட்டையாடிப் பொழுதுபோக்குவதற்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பிராணி. கடல் உள்வாங்கும்போது தீவுக்கும் கரைக்கும் நடுவே முழங்கால் அளவு தண்ணீர்கூட இருக்காது. நரிக்கு அது போதுமே! பசிக்குத் தின்பதோடு நிறுத்துவதும் இல்லை. அகப்பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுப் போகும்.

அந்த ஊரில் ஆலன் மார்ஷ் என்று ஒரு கோழிப் பண்ணைக்காரர். செல்லப் பெயர் 'ஸ்வாம்பி'. (மார்ஷ் என்றாலும் சதுப்பு நிலம், ஸ்வாம்ப் என்றாலும் சதுப்பு நிலம்... நண்பர்கள் குசும்பு!) அவருடைய கோழிகளை நரியிடமிருந்து காத்தது மரெம்மா நாய். கோழியைக் காக்கிற நாய் பென்குயினைக் காக்காதா என்பதுதான் யோசனை. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால், கையில் வேறு யோசனையும் இல்லை. 2006-ல் 'ஆட்பால்' என்ற மரெம்மா தீவுக்குப் போனது. பென்குயினை அது 'நீந்தத் தெரிந்த கோழி' என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ!

ஆட்பால் இருந்தது சில வாரங்களே. அதன் இடத்துக்கு வேறு மரெம்மாக்கள் வந்தன. குட்டியிலேயே தீவுக்கும், பென்குயின் வாடைக்கும் பழக்கப்பட்ட நாய்கள். அதில் ஒரு ஜோடிக்கு யூடி, டூலா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பென்குயினின் விஞ்ஞானப் பெயர் 'யூடிப்டூலா'. அதை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி! நாய்கள் சும்மா சுற்றிவந்து, குரைத்து, அங்கங்கே தங்கள் வாடையை விட்டுவைத்தன. நரி வருவது நின்றது. பத்துகூட தேறாத பென்குயின் கூட்டம் நூறைத் தாண்டி வளர்ந்தது. 2015-ல் 'ஆட்பால்' சினிமாவாகவும் வந்து ஓடியது.

சுபம் போட்டு எழுந்துவிடாதீர்கள்.

2017-ல், நாய்கள் தீவில் இல்லாத நேரம் பார்த்து நரி புகுந்தது. செத்த பென்குயின்கள் ஏறத்தாழ 140. பத்து வருடத்துக்கும் மேலாகச் சேர்த்த சேமிப்பு, நாய் இல்லாத இடைவெளியில் போயிற்று. திட்டத்தைக் கைவிடவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாயும் ஆடும், நாயும் பென்குயினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படத்தைப் பார்த்தால் நமக்கு மனசு குளிர்கிறது. 'ஆஹா, மிருகத்துக்கு இருக்கிற அன்பு மனுஷனுக்கு இல்லையே' என்று பெருமூச்சு விடுகிறோம். அந்த அன்பு தானாக வானத்திலிருந்து குதித்ததில்லை. மூன்றாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் நடுவில் யாரோ ஒருத்தர் அந்தக் குட்டியைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அப்புறம் ஒவ்வொரு நாளும் யாரோ சோறு வைக்கிறார், தண்ணீர் வைக்கிறார், தீவுக்குக் கூட்டிப்போய் விடுகிறார். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும், நரிக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் காவலுக்கு நாய் தந்த விலையும் கொஞ்சம் இல்லை. உருகுவே நாயின் பற்றுக் கணக்கைப் பாருங்கள். தாயின் மடி போயிற்று. கூடப் பிறந்ததுகள் போயிற்று. ஜோடி, குட்டி எதுவும் கிடையாது. சொந்த இனத்தின் முன்னால் தலைகுனிந்து சோறு வாங்க வேண்டும். வரவுக் கணக்கில் ஒரே ஒரு வரி - தன் முதுகுக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொள்கிற சில நூறு ஆடுகள்.

ஆடு நனைந்தால் இந்த ஓநாய் அழுமோ, அழாதோ... எனக்குத் தெரியாது. மழை விடும்வரை பக்கத்திலேயே நின்று சேர்ந்து நனையும். அது நிச்சயம்!